சைக்கிளில் இன்ஜின் பூட்டுவது: பெட்டியைப் பிரிப்பதிலிருந்து, புது இன்ஜினை மெதுவாக ஓட்டிப் பழக்கும் ரன்னிங் இன் வரை

சைக்கிளில் இன்ஜின் பூட்டத் தேவையான பாகங்கள் அடங்கிய கிட் பெட்டி வந்து இறங்கிய அன்றே இன்ஜினைத் தூக்கி சைக்கிளில் மாட்டிப் பார்க்கக் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது, மாட்டியும் விட்டேன். ஒரே நாளில் இன்ஜின், டேங்க், சைலன்சர் எல்லாம் ஏறிவிட்டன, பார்க்கப் பிரமாதமாக இருந்தது. மறுநாள் ஓட்டிக்கொண்டு போனபோது நாலாவது கிலோமீட்டரில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளை திரும்பி ஸ்போக்ஸுக்குள் புகுந்து, பின்சக்கரத்தை அப்படியே பூட்டிவிட்டது. நல்லவேளை, மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். முழங்கையில் தோல் வழன்றதோடு போயிற்று, கூடவே ஏழு ஸ்போக்ஸும் போயின. அன்றைக்குத்தான் விஷயம் உறைத்தது: இந்த வேலையில் இன்ஜின்தான் சுலபம். பின்சக்கரம், செயின், பிரேக் இந்த மூன்றும்தான் உங்கள் நேரத்தில் பாதியைத் தின்ன வேண்டும், தின்னாவிட்டால் எங்கோ தப்பு செய்கிறீர்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் சைக்கிளில் இன்ஜின் ஏறிய நொடியிலேயே அது சட்டப்படி மோட்டார் வாகனம். பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் கேட்பார்கள், சில இடங்களில் பொதுச் சாலையில் விடவே மாட்டார்கள். கிட் வாங்குவதற்கு முன்பே உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிடுங்கள், வாங்கிய பிறகு பார்த்து வயிறெரிய வேண்டாம்.

கிட் என்றால் என்ன

இங்கே நான் பேசுவது ஃப்ரேமின் நடு முக்கோணத்தில் உட்காரும் டூ-ஸ்ட்ரோக் கிட் பற்றி, அதாவது பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓடும் இன்ஜின். கடையில் 80 சிசி என்று எழுதி விற்பார்கள். பிஸ்டன் விட்டம் 47 மி.மீ., ஓடும் தூரம் 38 மி.மீ., கணக்குப் போட்டால் 66 சிசிதான் வரும். சின்னது 40 மி.மீ. விட்டம், அது 48 சிசி. விளம்பரத்தில் போட்டிருக்கும் குதிரைத்திறனையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் இன்ஜின், கார்புரேட்டர், சைலன்சர், ப்ளக்குக்கு ஸ்பார்க் தரும் சிடிஐ பெட்டி, டேங்க், ஆக்சிலேட்டர் பிடி, கிளட்ச் லீவர், 415 செயின், பின்சக்கரத்துக்கான 44 பல் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்), அதைப் பிடிக்க ரப்பர் வட்டுகள், டென்ஷனர், ஒரு பை நிறைய நட்டு போல்ட் இருக்கும். அந்தப் பையை மட்டும் நம்பாதீர்கள். கிட்டோடு வரும் போல்ட்டுகள் பெரும்பாலும் மெத்தென்ற இரும்பு, கொஞ்சம் அழுத்தித் திருகினால் மரை போய்விடும். 8.8 என்று தலையில் பொறித்த உறுதியான போல்ட்டுகளும் நைலான் நட்டுகளும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தச் செலவில் இது ஒன்றுமே இல்லை, ஆனால் வண்டி உதிராமல் வீடு வந்து சேருவது இதில்தான் இருக்கிறது.

சைக்கிளில் இன்ஜின் ஏற்றுவது நேற்று முளைத்த கிறுக்கு இல்லை. 1946இல் ஹோண்டா சோய்ச்சிரோ, போரில் மிஞ்சிய ராணுவ வயர்லெஸ் ஜெனரேட்டர்களின் சின்ன இன்ஜின்களை சைக்கிளில் பூட்டித்தான் தொடங்கினார். முதல் மாதிரியில் பெட்ரோல் டேங்காக இருந்தது வீட்டிலிருந்த ஒரு வெந்நீர்க் குடுவை. கிட்டில் வரும் டேங்க் ஒழுகும்போது இதை நினைத்துக்கொள்வேன், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

எந்த சைக்கிள்

இரும்பு ஃப்ரேம். அலுமினியம் இலேசு என்று ஆசைப்படாதீர்கள், இந்த இன்ஜினின் அதிர்வுக்கு அது வெல்டிங் பக்கத்தில் விரிசல் விட வாய்ப்பு அதிகம். நடு முக்கோணம் பெரிதாக, குழாய்கள் உருண்டையாக இருக்க வேண்டும். கிட்டின் பிடிப்புகள் சுமார் 28 மி.மீ. விட்டக் குழாய்க்கு அளவெடுத்தவை, இப்போதைய மவுன்டன் பைக்குகளில் கீழ்க்குழாய் அதைவிடத் தடிமன், அதற்குத் தனியாக அடாப்டர் தேவைப்படும். குழாயில் ஓட்டை போட்டு போல்ட் நுழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மட்டும் வேண்டவே வேண்டாம், ஓடும்போது ஃப்ரேம் அந்த ஓட்டையில்தான் இரண்டாகும்.

இன்ஜின் உள்ளே போகுமா என்பதற்கு ஒரு சுலபமான வழி: கிட் பெட்டி அட்டையையே எடுத்து, அதன் மேல் இன்ஜினைப் படுக்க வைத்து, ப்ளக் கேப்பையும் கார்புரேட்டரையும் சேர்த்துப் பென்சிலால் சுற்றி வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அந்த அட்டையை ஃப்ரேமுக்குள் வைத்துப் பாருங்கள். மேல் பாரில் ப்ளக் இடிக்கிறதா, கார்புரேட்டர் சீட் குழாயில் முட்டுகிறதா என்று அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கிட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் விற்பவரிடம் நீளமும் உயரமும் கேட்டு அட்டை வெட்டுங்கள்.

பின்சக்கரத்தில் 36 ஸ்போக்ஸ் இருக்க வேண்டும், அவை கொஞ்சம் தடிமனாக இருப்பது நல்லது. சாதாரண சைக்கிளில் வருவது 14 கேஜ், அதாவது 2 மி.மீ. கனம். 12 கேஜ் என்றால் 2.6 மி.மீ., அது கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். ஹப் கழுத்து ரொம்பப் பருமனாக இருந்தால் ஸ்ப்ராக்கெட்டின் நடு ஓட்டைக்குள் போகாது, ஓட்டை சுமார் 38 மி.மீ.தான், அளந்து பாருங்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் ஹப் உள்ள சைக்கிள் தொல்லை, அதன் பிரேக் கை இடது பக்கம்தான் இருக்கும், ஸ்ப்ராக்கெட்டும் அங்கேதான் வர வேண்டும். பின்னால் டிஸ்க் இருந்தாலும் இதே சண்டைதான். ஆகவே பின்னால் ரிம் பிரேக், முன்னால் முடிந்தால் டிஸ்க்.

பிரேக் சரியில்லாத சைக்கிளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ரப்பர் புதிது, கேபிள் புதிது, இரண்டு சக்கரத்துக்கும் பிரேக். அப்புறம் பேரிங்குகளைப் பிரித்துப் புது கிரீஸ் வைத்துக்கொள்ளுங்கள், மிதித்துப் போகும் வேகத்துக்குத் தாக்குப்பிடித்த பழைய கிரீஸ் இந்த வேகத்துக்குத் தாங்காது.

இன்ஜினை ஒருமுறை திறந்து பாருங்கள்

பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே மாட்டாதீர்கள். ப்ளக்கைக் கழற்றி, இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டைக் கையால் சுற்றிப் பிஸ்டன் உரசாமல் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றி, சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளின் ஓரத்தைச் சுண்டுவிரல் நுனியால் தடவுங்கள். வார்ப்புப் பிசிறு இருந்தால் விரலுக்கே தட்டுப்படும், பொடி உப்புத்தாளால் ஓரத்தை லேசாக மழுக்கிவிட்டு, தூள் ஒரு துளிகூட உள்ளே தங்காமல் துடைத்துவிடுங்கள். பிஸ்டன் ரிங் பிசிறில் மாட்டினால் இன்ஜின் போயிற்று.

ஹெட்டைத் திரும்ப மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று சுற்றில் முறுக்குங்கள். ஒரே மூலையை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கேஸ்கட் ஒரு பக்கம் நசுங்கி இன்னொரு பக்கம் ஊதும். கிட்டோடு வரும் தாளில் டார்க் அளவு போட்டிருந்தால் டார்க் ஸ்பேனர் வைத்து அதற்கே நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று நினைத்தால் நட்டு ஏறும் தலையில்லாத போல்ட், அதாவது ஸ்டட், பிடுங்கிக்கொண்டு வரும்.

வலது பக்க மூடியைத் திறந்தால் கிளட்ச் பற்சக்கரம் இரண்டு தெரியும். சின்னதில் 20 பல், பெரியதில் 82 பல். பற்களில் விரல் நுனியளவு கிரீஸ் தடவினால் போதும். வாரி அப்பினால் கிளட்ச் கட்டைகளில் தெறித்து வழுக்க ஆரம்பிக்கும், அப்புறம் கிளட்ச் பிடிக்கவில்லை என்று கேபிளைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ப்ளக்கை மாற்றிவிடுங்கள். என்ஜிகே பி6எச்எஸ் இதற்குப் பொருந்தும், இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.

பின்சக்கரம்: இங்கேதான் பொறுமை வேண்டும்

முதலில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துவிடுங்கள். ஸ்ப்ராக்கெட் ஏறிய பிறகு கோட்டம் எடுப்பது இரட்டை வேலை. ஸ்போக்ஸ் எல்லாம் ஒரே மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும், இரண்டிரண்டாகச் சேர்த்து விரலால் அழுத்தினால் லூஸாக இருப்பது கையிலேயே தெரியும்.

கிட் முறை இதுதான்: ஸ்போக்ஸுக்கு வெளியே ஒரு ரப்பர் வட்டு, உள்ளே ஒரு ரப்பர் வட்டு, வெளி ரப்பரின் மேல் ஸ்ப்ராக்கெட், உள் ரப்பரின் பின்னால் பிறை மாதிரி மூன்று இரும்புத் துண்டுகள், எல்லாவற்றையும் சேர்த்து ஒன்பது போல்ட். உள் ரப்பரை ஒரு இடத்தில் வெட்டினால்தான் ஹப்பைச் சுற்றி நுழையும். ஒன்பது போல்ட்டுகளும் ஸ்போக்ஸுக்கு இடையில் போக வேண்டும், எந்த போல்ட்டும் ஸ்போக்கின் மேல் சாயக்கூடாது.

அப்புறம் முறுக்குவது. கார் சக்கரத்துக்குச் செய்வது போல ஒன்றுக்கு எதிரே ஒன்றாகப் போங்கள், ஒவ்வொரு சுற்றிலும் கால் திருப்பு மட்டும். ரப்பர் நசுங்குவதால் முதல் போல்ட்டை முறுக்கும்போதே எதிர்ப் பக்கம் தூக்கிக்கொள்ளும், அதனால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது? சக்கரத்தை ஃப்ரேமில் மாட்டி, ஃப்ரேமின் பின் கம்பியில் ஒரு பென்சிலை டேப்பால் கட்டி, அதன் முனை ஸ்ப்ராக்கெட்டின் பல்லைத் தொடும் தொடாது என்கிற தூரத்தில் வைத்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் பல் பென்சிலை இடிக்கும், இன்னொரு இடத்தில் விலகிப் போகும். பக்கவாட்டு ஆட்டம் ஒரு மி.மீ.க்குள் வரும் வரை இடிக்கும் பக்கத்து போல்ட்டை இறுக்கியும் விலகும் பக்கத்தைத் தளர்த்தியும் சரி செய்யுங்கள். பிறகு பென்சிலைப் பல் நுனிக்கு மேலே மாற்றி, ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள், அதாவது ஸ்ப்ராக்கெட் நட்டநடுவில் இருக்கிறதா என்று. மையம் விலகியிருந்தால் செயின் ஒரு சுற்றில் ஒருமுறை டைட், ஒருமுறை லூஸ் என்று துள்ளிக்கொண்டே இருக்கும். எனக்கு இரண்டாவது தடவை இதற்கு மட்டும் ஒரு முழு சாயங்காலம் போயிற்று. கடுப்பாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குப் பிறகு செயின் கழன்றதே இல்லை.

ஸ்ப்ராக்கெட் தட்டையாக இருக்காது, லேசாகக் குழிந்திருக்கும். குழிவை உள்பக்கம் வைப்பதா வெளிப்பக்கம் வைப்பதா என்பது செயின் டயரில் உரசாமலும் இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டுக்கு நேராகவும் வருவதைப் பொறுத்தது. இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காசு இருந்தால் இந்த ரப்பர் கதையே வேண்டாம். ஹப்பைச் சுற்றி இரண்டு பாதியாகக் கவ்வும் இரும்பு அடாப்டர் கிடைக்கிறது, ஸ்ப்ராக்கெட் அதில் நேராக உட்கார்ந்துவிடும், ஸ்போக்ஸின் மேல் பாரமே விழாது. ஹப் விட்டத்தைச் சரியாக அளந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

பல் எண்ணிக்கையைப் பற்றி ஒரு கணக்கு. இன்ஜினுக்குள்ளேயே 20க்கு 82, அதாவது 4.1 மடங்கு வேகம் குறைகிறது. வெளியே இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டின் 10 பல்லுக்குப் பின்சக்கரத்தின் 44, அது 4.4 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 18. இன்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றினால் பின்சக்கரம் சுமார் 277 சுற்று. 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.07 மீட்டர் ஓடும், ஆக மணிக்கு 34 கி.மீ. அதே இன்ஜினில் 36 பல் போட்டால் 42 கி.மீ. ஆகும், ஆனால் ஏற்றத்தில் திணறும், கிளம்பும்போது நிறைய மிதிக்க வேண்டிவரும். சைக்கிள் பிரேக்குக்கு 34 ஏ தாராளம். 44ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினை உட்கார வைப்பது

பின் பிடிப்பைச் சீட் குழாயில் முதலில் வையுங்கள், ஏனென்றால் செயின் நேராக வருவதை அதுதான் தீர்மானிக்கிறது. பிடிப்பின் வளைவு குழாயில் முழுசாகப் படிய வேண்டும், ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டு நாளில் லூஸாகிவிடும். படியவில்லை என்றால் அரத்தால் தேயுங்கள்.

அடுத்தது முன் பிடிப்பு. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பின்னால் இறுக்கியதும் முன்னால் ஒரு விரல்கடை இடைவெளி இருக்கும், அதை போல்ட்டை முறுக்கியே மூடிவிடுவார்கள். அப்படி இழுத்துப் பிடித்தால் இன்ஜின் எப்போதும் ஒரு இழுவையிலேயே இருக்கும், அதிர்வு சேர்ந்ததும் ஸ்டட் முறியும், சில சமயம் கிராங்க்கேஸ் காதே உடைந்துவிடும். இடைவெளி இருந்தால் இரும்புத் துண்டோ அடாப்டரோ வைத்து நிரப்புங்கள், போல்ட் பிடிப்பதற்குத்தான், இழுப்பதற்கில்லை. அதிர்வு குறையட்டும் என்று தடிமனான ரப்பரை அடியில் வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. இன்ஜின் அதில் ஆடிக்கொண்டே இருந்தால் ஸ்டட்டுகள்தான் களைத்துப் போகும். ஸ்டட் மரைகளில் அதிர்வில் கழலாமல் பிடிக்கும் நீல நிறப் பசை ஒரு சொட்டு விட்டுக்கொள்ளுங்கள், சாதாரண ஸ்பேனராலேயே பிறகு கழற்றலாம்.

எல்லாம் இறுக்கியதும் பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். கிராங்க் கை இன்ஜின் மூடியிலோ சைலன்சரிலோ தட்டினால் அகலமான கிராங்க் போட வேண்டியிருக்கும். பெடல் இல்லாமல் இந்த வண்டி ஸ்டார்ட் ஆகாது என்பதால் இதில் சமரசம் இல்லை.

செயினும் அந்த டென்ஷனரும்

இன்ஜின் செயின் இடது பக்கம். 415 செயின் சைக்கிள் செயினைவிட அகலம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சின்ன ஸ்ப்ராக்கெட்டின் மூடியைக் கழற்றி, ப்ளக் இல்லாமல் இன்ஜினைச் சுற்றிச் செயினை உள்ளே இழுங்கள். தேவையான நீளத்தைக் குறித்து, செயின் கட்டரால் பின்னைத் தள்ளி எடுத்துவிட்டு, பூட்டுக் கண்ணியால் இணையுங்கள். பூட்டுக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், திறந்த முனை பின்னால். தலைகீழாகப் போட்டால் எதிலாவது உரசிக் கிளிப் கழன்று பறக்கும்.

பின்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு செயினோடு நேர்க்கோட்டில் பாருங்கள். இன்ஜின் பல்லிலிருந்து பின்பல் வரை நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் 12 மி.மீ. ஆட்டம் போதும்.

இனி டென்ஷனர். பின் கம்பியில் கவ்விப் பிடிக்கும் ஒரு சின்ன உருளை. கம்பி கூம்பாக இருக்கும், டென்ஷனரின் பிடியோ நேராக இருக்கும், அதனால் எவ்வளவு முறுக்கினாலும் செயின் இழுப்பில் மெல்ல மெல்லத் திரும்பி உள்பக்கம் சாயும். என் ஸ்போக்ஸ் போனது இப்படித்தான். முடிந்தால் டென்ஷனரே இல்லாமல் செய்துவிடுங்கள்: பின்சக்கரத்தை ஃப்ரேமின் பள்ளத்தில் முன்னே பின்னே நகர்த்தி, ஒரு அரைக் கண்ணி சேர்த்தோ எடுத்தோ, செயினைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவரலாம். பெடல் செயினும் அதே சக்கரத்தில்தான் இருக்கிறது என்பதால் இரண்டையும் ஒத்துப்போக வைக்கக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். பின்னால் கியர் உள்ள சைக்கிளில் அந்தப் பக்கம் தானாகவே இழுத்துக்கொள்ளும், கவலை இல்லை. டென்ஷனர் இருந்தே ஆக வேண்டும் என்றால், உருளை செயினுக்கு நேராக இருக்கும்படி கையை முறுக்கி நேராக்கி, கம்பியைச் சுற்றி மெல்லிய தகட்டை வைத்து ஆட்டமில்லாமல் கவ்வ வைத்து, அது திரும்பாமலிருக்க இன்னொரு இடத்திலும் ஒரு கிளாம்ப் போட்டுக் கட்டுங்கள். இரும்பு ஃப்ரேம் என்றால் ஒரு பொட்டு வெல்டிங் வைப்பது இன்னும் நல்லது.

டேங்க், கார்புரேட்டர், சைலன்சர்

டேங்கை மாட்டுவதற்கு முன் உள்ளே பெட்ரோல் விட்டுக் குலுக்கிக் கழுவி ஊற்றுங்கள், வெல்டிங் துகள் வரும். பிறகு கொஞ்சம் பெட்ரோலோடு, காற்றோட்டமான, நெருப்பில்லாத இடத்தில் பழைய செய்தித்தாளின் மேல் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் தாளில் வட்டம் தெரிந்தால் எங்கே ஒழுகுகிறது என்று அப்போதே பார்த்துவிடலாம். டேங்க் மூடியில் காற்றுத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது அடைத்திருந்தால் வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும், மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும், காரணம் தெரியாமல் மண்டை காயும்.

கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் உருளையின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் இருக்கும், அது உடம்பிலுள்ள முனைக்கு நேராக நுழைய வேண்டும். அடியில் சரிவாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் முழு வேகத்தில் அலறும்.

கார்புரேட்டர் இணைப்புக் குழாயோடு சேரும் இடத்தில் காற்றுக் கசியக்கூடாது. கசிந்தால் பெட்ரோல் விகிதம் குறைந்து இன்ஜின் சூடாகிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றித் தண்ணீரைப் பூத்தூவலாகத் தெளித்துப் பாருங்கள், சத்தம் மாறினால் அங்கே கசிவு இருக்கிறது.

சைலன்சரைச் சிலிண்டரில் இரண்டு நட்டால் மட்டும் தொங்கவிட்டால் போதாது. கீழ் முனையை ஒரு பட்டையால் ஃப்ரேமோடு கட்டுங்கள், இல்லையென்றால் ஆடி ஆடி ஸ்டட்டை முறித்துவிடும். பெட்ரோல் குழாயும் கிளட்ச் கேபிளும் அதன் பக்கம் போகாமல் வளைத்து விடுங்கள்.

வயரிங்

இது பயமுறுத்துகிற மாதிரி இருக்கும், உண்மையில் பத்து நிமிஷ வேலை. இன்ஜினிலிருந்து மூன்று வயர்: நீலம், கறுப்பு, வெள்ளை. நீலத்தை சிடிஐயின் நீலத்தோடும், கறுப்பைக் கறுப்போடும் சேருங்கள். வெள்ளையை டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். கில் சுவிட்சின் ஒரு வயர் நீலத்துக்கு, இன்னொன்று கறுப்புக்கு. சுவிட்சை அழுத்தும்போது இரண்டும் சேர்ந்து ஸ்பார்க் நிற்கும். கிட்டின் இணைப்பு முனைகள் அதிர்வில் கழலும், சால்டர் செய்து மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டுவிடுங்கள். சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரை நீலம், கறுப்புக்கு நடுவில் வைத்துப் பாருங்கள், சுமார் 300 முதல் 400 ஓம் காட்டினால் காயில் நல்லது.

கைப்பிடியும் கிளட்சும்

ஆக்சிலேட்டர் பிடியின் உள்ளே ஒரு முனை துருத்திக்கொண்டிருக்கும், ஹேண்டில்பாரில் ஓட்டை போட்டு அதை நுழைக்கச் சொல்வார்கள். நான் அந்த முனையை அரத்தால் தேய்த்துவிட்டுப் பிடியை இறுக்கினேன், ஹேண்டில்பாரில் ஓட்டை போட மனசு வரவில்லை. பிடியைத் திருகிவிட்டால் தானாகத் திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

இடது கைக்கு கிளட்ச் போய்விடுவதால் இரண்டு பிரேக்கையும் வலது கைக்குக் கொண்டுவர இரட்டைக் கேபிள் லீவர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளட்சைச் சரிபார்க்க: லீவரைப் பிடித்தபடி வண்டியைத் தள்ளினால் சுதந்திரமாக உருள வேண்டும், விட்டுவிட்டுத் தள்ளினால் இன்ஜின் பிடித்துக்கொண்டு பின்டயர் இழுபட வேண்டும். வலது மூடிக்குள் பூ மாதிரி ஒரு நட்டு இருக்கிறது, அதைப் பிடிக்கும் குட்டித் திருகைக் கழற்றி, ஒரு பல் ஒரு பல்லாகத் திருப்பிச் சரி செய்யலாம். கேபிளில் ஓரிரண்டு மி.மீ. ஆட்டம் விட்டு வையுங்கள், முழு டைட்டாக இருந்தால் கிளட்ச் எப்போதும் பாதி வழுக்கலிலேயே இருக்கும்.

பெட்ரோலும் ஆயிலும்

தனி ஆயில் டேங்க் கிடையாது, பெட்ரோலிலேயே கலக்க வேண்டும், மறந்தால் இன்ஜின் அன்றே முடிந்தது. முதல் சில டேங்குக்கு 16க்கு 1, அதாவது ஒரு லிட்டருக்கு 62 மி.லி. பிறகு 25க்கு 1, லிட்டருக்கு 40 மி.லி. கண்ணளவில் ஊற்றாதீர்கள், மருந்து சிரிஞ்சோ அளவுக் குவளையோ வைத்துக்கொள்ளுங்கள். தனி கேனில் கலந்து குலுக்கிவிட்டு டேங்கில் ஊற்றுங்கள். கார் இன்ஜின் ஆயில் கூடாது, டூ-ஸ்ட்ரோக் ஆயில்தான். "ஆயில் கூடினால் நல்லதுதானே" என்று அள்ளி விடுவதும் தப்பு: ஆயில் ஏற ஏற அதே அளவுக் கலவையில் பெட்ரோல் குறைகிறது, காற்றுக்குப் பெட்ரோல் பற்றாமல் இன்ஜின் சூடாகும்.

முதல் ஸ்டார்ட்

ஆளில்லாத சமதளம், கையுறை, மூடிய காலணி. ஹெல்மெட் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பெட்ரோல் குழாயைத் திறந்து ஒரு நிமிஷம் விடுங்கள். சோக் லீவர் எந்தப் பக்கம் தள்ளினால் மூடும் என்பதை ஏர் ஃபில்டரைக் கழற்றி முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சோக்கைப் போட்டு, கிளட்சைப் பிடித்து, மிதித்து மணிக்கு 10, 15 கி.மீ. வேகம் வந்ததும் கிளட்சை விடுங்கள், ஆக்சிலேட்டரைக் கால்வாசி திருப்புங்கள். முதலில் இருமும், தும்மும், வெள்ளையாகப் புகை கக்கும். மிதிப்பதை நிறுத்தாதீர்கள். சட்டென்று பிடித்துக்கொண்டு உங்களைத் தள்ளும்போது ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அதற்காகத்தானே இவ்வளவும். கொஞ்சம் சூடானதும் சோக்கை எடுத்துவிடுங்கள். நிற்கும் இடத்தில் கிளட்சைப் பிடியுங்கள், லீவரில் உள்ள பொத்தானை அழுத்தினால் பிடித்த நிலையிலேயே நிற்கும்.

ஸ்டார்ட் ஆகவே இல்லையா? ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் வரவில்லை, வயரிங்கையும் கில் சுவிட்சையும் பாருங்கள், அல்லது அளவுக்கு மேல் பெட்ரோல் போய் ப்ளக் மூழ்கியிருக்கும். காய்ந்திருந்தால் பெட்ரோலே போகவில்லை. பத்துக்கு ஒன்பது தடவை விஷயம் இவ்வளவுதான்.

ரன்னிங் இன்

முதல் நாள் பதினைந்து நிமிஷம் ஓட்டிவிட்டு முழுசாக ஆற விடுங்கள். ஆறிய பிறகு, சூட்டோடு இல்லை, ஹெட் நட்டு, பிடிப்பு ஸ்டட், ஸ்ப்ராக்கெட்டின் ஒன்பது போல்ட், சைலன்சர் நட்டு எல்லாவற்றையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். பாதி லூஸாகியிருக்கும், ரப்பரும் கேஸ்கட்டும் படிவதால் வருவது அது, பயப்பட வேண்டாம். செயினும் நீண்டிருக்கும். பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று முதல் ஐம்பது வரை இதையே செய்யுங்கள், அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை.

முதல் 300 கிலோமீட்டருக்கு 25, 30 வேகத்தைத் தாண்டாதீர்கள், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் பிடித்துக்கொண்டும் போகாதீர்கள், ஏற்றத்தில் மிதித்து உதவுங்கள். பிறகு 25க்கு 1 கலவைக்கு மாறி, ஒரு நல்ல ஓட்டத்துக்கு அப்புறம் ப்ளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுங்கள், ஊசி கீழே இறங்கிப் பெட்ரோல் குறையும். வெள்ளையாக வெளுத்திருந்தால் அதற்குமேல் ஓட்டாதீர்கள், முதலில் காற்றுக் கசிவைத் தேடுங்கள், இல்லையென்றால் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள்.

சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பை கட்டி, அதில் ப்ளக் ஸ்பேனர், ஒரு புது ப்ளக், 10ஆம் நம்பர் ஸ்பேனர், இரண்டு பூட்டுக் கண்ணி, கொஞ்சம் கட்டுக்கம்பி, 40 மி.லி. ஆயில் உள்ள குட்டி பாட்டில் போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை வழியில் எடுத்ததில் அதிகம் உதவியது அந்தக் கட்டுக்கம்பிதான்.